அந்தத் தொட்டியில் இருப்பது நிஜப் பவளமா, பொம்மையா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பவளப்பாறைத் தொட்டியைக் காட்டலாமா? துபாய் மாலிலும் சிங்கப்பூரிலும் பார்த்ததைவிட இது சின்னது என்கிறார்களே, டிக்கெட் காசுக்குத் தேறுமா? உள்ளே இருப்பது நிஜப் பவளமா?

நிஜம். சின்னதும்தான். இது சின்னதாக இருப்பதற்கும் நிஜமாக இருப்பதற்கும் சம்பந்தம் உண்டு. அது தெரிந்து போனால் காசு தேறும். தெரியாமல் போனால், "துபாய்ல இதைவிடப் பெருசா இருந்துச்சே" என்று அப்பா சொல்வார், நீங்களும் தலையாட்டிவிட்டு டைனோசர் எலும்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

நான் பதினோரு வருடமாக வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவன். அகாடமியில் ஆண்டுச் சந்தா கட்டி, நாற்பது தடவையாவது போயிருப்பேன். என் மனைவியின் கணக்கில் அது இன்னும் அதிகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தப் பெரிய தொட்டிகள். துபாய் மாலில் இருப்பது 1 கோடி லிட்டர். சிங்கப்பூர் செந்தோசாவில், 2025இல் ஓஷனேரியம் என்று பெயர் மாறிய இடத்தில், திறந்த கடல் தொட்டி மட்டும் 1 கோடியே 80 லட்சம் லிட்டர். சான் பிரான்சிஸ்கோவின் 'பிலிப்பைன் பவளப்பாறை'த் தொட்டி 2,12,000 காலன், நம் கணக்கில் சுமார் 8 லட்சம் லிட்டர். பக்கத்தில் வைத்தால் அண்டாவுக்கு அருகில் சொம்பு.

ஆனால் சுறாவும் திருக்கையும் கூட்டமாகத் திரியும் அந்த மாதிரித் தொட்டிகளில் பின்னணியில் தெரியும் 'பவளம்' பெரும்பாலும் சிமென்ட், ஃபைபர்கிளாஸ், ரெசின். ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. அங்கே வேறு வழி கிடையாது. பெரிய மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவு நீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சேரும். அது பாசிக்கு உரம். பாசி தழைத்தால் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சை அடைத்துவிடும். பவளம் வளரும் வெப்பக் கடல்கள் உரமில்லாத, ஏறக்குறையப் பட்டினி கிடக்கிற நீர். அதனால்தான் அவ்வளவு தெளிவு. சுறாவுக்கு இடம் கொடுப்பவர் பவளத்துக்குக் கொடுக்க முடியாது. பவளத்துக்குக் கொடுப்பவர் மீனை எண்ணி எண்ணித்தான் விடவேண்டும். போதாக்குறைக்கு வெளிச்சம் அடிவரை இறங்கவேண்டும். கோடி லிட்டருக்கு அந்த வெளிச்சத்தைப் போட்டால் கரண்ட் பில்லைக் கட்டவே தனி நிறுவனம் வேண்டும்.

உயிருள்ள பவளத்தைப் பெரிய அளவில் வளர்த்துக் காட்டும் இடங்கள் உலகிலேயே கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறந்த ரீஃப் எச்கியூ மீன்காட்சியகத்தின் தொட்டி, 25 லட்சம் லிட்டர், கூரையில்லாமல் வெயிலிலேயே வைத்தார்கள். புதுப்பித்துக் கட்டுவதற்காக 2021இல் அதை மூடினார்கள். நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் பர்கர்ஸ் விலங்குக் காட்சிசாலையில் 2000இல் திறந்த தொட்டி, சுமார் 7.5 லட்சம் லிட்டர். இந்த வரிசையில் சான் பிரான்சிஸ்கோவின் தனிச்சிறப்பு ஆழம்: 25 அடி. உயிருள்ள பவளக் காட்சிகளில் உலகின் மிக ஆழமானவற்றில் ஒன்று. அந்த ஆழம்தான் நீங்கள் பார்க்கவேண்டிய விஷயம். மீன் அல்ல.

இங்கே 'பவளம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் உங்கள் அம்மா கட்டாயம் கேட்பார். மோதிரத்திலும் மாலையிலும் நாம் கோக்கும் சிவப்புப் பவளம் வேறு சாதி. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் இருட்டு மூலைகளிலும் குகைகளிலும் வளர்வது, பாறை கட்டாது. பவளப்பாறை கட்டுவது வேறு கூட்டம். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் கடலடித் திட்டைப் 'பார்' என்பார்கள். முத்துப்பார், பவளப்பார். அந்தப் பாரைக் கட்டும் பவளத்தில் நகை செய்ய முடியாது. ஒரு காலத்தில் வீடு கட்டினோம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பார் கட்டும் பவளம் ஒரு விலங்கு. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நக அளவுவரை உள்ள பாலிப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து குடியிருக்கும் காலனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், சுற்றிலும் கொட்டும் விரல்கள். அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பகலில் பாசி வெயிலைச் சாப்பிட்டுச் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம்வரைகூட இந்தக் குடக்கூலியிலிருந்தே வரும். மீதிக்கு இரவில் விரலை விரித்து மிதவை உயிர்களைப் பிடிக்கும். பகலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கை மடக்கி இருக்கும் பவளம்.

அந்த நுண்பாசியின் நிறம் பழுப்பு. ஆகவே ஆரோக்கியமான பவளத்தின் அடிப்படை நிறமும் பழுப்பு. அதன்மேல் பவளமே செய்துகொள்ளும் நிறமிகள் பச்சையும் ஊதாவும் பூசும். கைபேசித் திரையில் பார்க்கும் நியான் நிறங்கள் நீல விளக்கும் எடிட்டிங்கும் செய்த வேலை. முதல் பார்வையில் "என்ன, எல்லாம் காவியும் பழுப்புமா இருக்கு" என்று தோன்றினால், அது நல்ல செய்தி. பளிச்சென்று வெள்ளை வெளேரென இருக்கும் பவளம், பாசி வெளியேறிப் பட்டினியில் நிற்பது. அதைத்தான் வெளிறுதல் என்கிறோம்.

சரி, தொட்டிக்குள் வருவோம். அகாடமி 1853இல் தொடங்கியது. அதன் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகம், ஸ்டைன்ஹார்ட் சகோதரர்களின் பெயரில், 1923இல் கோல்டன் கேட் பூங்காவில் திறந்தது. 1989 லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தில் பழைய கட்டடங்கள் அடிபட்டன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வரைந்த புதுக் கட்டடம் 2008 செப்டம்பரில் திறந்தது: கூரை முழுக்கச் செடி, அதில் மேடுகள், மேடுகளில் வட்ட ஜன்னல்கள். உள்ளே இரண்டு பெரிய கோளங்கள். ஒன்றில் மழைக்காடு, மற்றொன்றில் கோளரங்கம். கோளரங்கத்தின் அடியில் தரை மட்டத்தில் திறந்து கிடக்கிறது தொட்டியின் வாய். அதன் வயிறு கீழ்த்தளத்தில்.

பெரும்பாலோர் நேராகக் கீழே இறங்கிவிடுகிறார்கள். தப்பு. முதலில் மேலே நின்று எட்டிப் பாருங்கள். அலை அசைவும் விளக்கின் மினுக்கமும் கொண்ட ஒரு குளம் மாதிரி, ஏறக்குறைய ஏமாற்றம் தரும்படி ஆழமில்லாமல் தெரியும். நீரும் காற்றும் ஒளியை வளைக்கும் கணக்கில், மேலிருந்து நேராகப் பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும்: 25 அடி, 19 அடிபோல. கிணற்றில் எட்டிப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதைப் பார்த்துக்கொண்டு பிறகு கீழே போங்கள். அதே நீர் இப்போது தலைக்கு மேலே ஏறி நிற்கும். ஒளி மேலிருந்து கம்பி கம்பியாக இறங்கும். நீங்கள் பார்த்த 'குளம்' எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கழுத்து வலிக்கப் பார்க்கவேண்டி வரும். அந்த நிமிடத்துக்காகத்தான் இந்த வரிசை.

கீழே பெரிய சாளரத்தின் முன் நின்றதும் கண் மீனுக்குத்தான் போகும். போகட்டும், ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு கண்ணை மேல் விளிம்பில் வைத்து, மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேலே வெளிச்சம் கொட்டும் இடத்தில் கிளை கிளையாக, மான்கொம்பு போன்ற பவளங்கள். இறங்க இறங்கக் கிளை குறையும், தட்டு விரியும். வெளிச்சம் குறைந்த இடத்தில் பவளம் பரந்த இலையைப் போலத் தன்னை விரித்துக்கொள்கிறது, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் ஏந்திக்கொள்ள. அடியில் எலும்பில்லாத மென்பவளங்கள் அசைந்துகொண்டிருக்கும். நிறமும் மாறும். நீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது, நீலத்தைக் கடைசிவரை விடுகிறது. மேலே சிவப்பாக இருக்கும் அதே மீன் கீழே இறங்கும்போது மங்கி மண்ணிறமாவதைக் கவனியுங்கள். கடலில் முக்குளித்தால்தான் தெரிகிற விஷயம் இது. சாதாரண மூன்றடித் தொட்டியில் தெரியாது. ஆழத்துக்காக இவ்வளவு செலவு செய்திருப்பதன் பலன் அதுதான்.

இன்னொன்று: காலனிகளுக்கு நடுவே வெற்றிடக் கோடுகள் தெரியும். அதை யாரும் சுத்தம் செய்து வைக்கவில்லை. பவளங்களுக்கு வரப்புத் தகராறு உண்டு. பக்கத்துக் காலனி நெருங்கினால் சில இனங்கள் இரவில் நீண்ட கொட்டும் விரலை நீட்டி எதிரியின் சதையைக் கரைக்கும். அந்த இடைவெளி போர்முனை. வீட்டில் நான் இரண்டு பவளத்தை நாலு அங்குலம் தள்ளி வைத்து, "போதும்" என்று நினைத்துப் படுத்தேன். காலையில் ஒன்றின் பாதி விளிம்பு வெறும் எலும்பு.

நான் முதலில் சொன்ன 'பட்டினி நீர்', வெளிச்சம், இவை இரண்டோடு பவளத்துக்கு இன்னும் இரண்டு வேண்டும்: அசைவு, சுண்ணாம்பு.

அசைவைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தாய்மாமா. அவர் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர், வாலிபத்தில் சங்கு குளித்தவர். மூன்று வருடம் முன்பு வந்திருந்தபோது கூட்டிப்போனேன். பெரிய சாளரத்தின் முன் எல்லாரும் மீனைக் காட்டிக் கத்திக்கொண்டிருக்க, அவர் பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஏலே, நீவாடு மாறுதுடா" என்றார். நீரோட்டத்துக்கு அங்கே நீவாடு என்றுதான் சொல்வார்கள். நான் நாற்பது தடவையில் பாதி முடித்திருந்தும் அதைக் கவனித்திருக்கவில்லை. மென்பவளங்கள் ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்கின்றன. ஒரே திசையில் ஓடும் நீரில் பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் செழிக்கும், மறுபக்கம் குப்பை அடையும். ஆகவே இந்த மாதிரித் தொட்டிகளில் பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டி அலையைப் போலி செய்கிறார்கள். பவளத்தால் நகர முடியாது. சாப்பாடு அதைத் தேடி வரவேண்டும், கழிவு அதை விட்டுப் போகவேண்டும். இரண்டையும் செய்வது அசைவுதான்.

கழிவை நீரிலிருந்தே பிரிக்கும் கருவிக்கு ஸ்கிம்மர் என்று பெயர். தொழில்நுட்பம் நம் அடுக்களையில் இருப்பது. வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையில் ஒட்டி மேலே வரும், கரண்டியால் வழித்து எடுப்போம் அல்லவா? ஸ்கிம்மர் நீரில் நுண்குமிழிகளை ஊதும். புரதமும் எண்ணெய்ப் பசையும் குமிழியில் ஒட்டி மேலேறும், அந்த நுரை ஒரு கோப்பையில் வழியும். என் வீட்டுக் கோப்பையின் வாசனையைப் பற்றி இங்கே எழுதினால் நீங்கள் போகாமலே இருந்துவிடக்கூடும்.

சுண்ணாம்பு. பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். அது வளர வளர, நீரிலுள்ள கால்சியத்தையும் காரத்தன்மையையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தொட்டியில் கடல் அளவு இருப்பு கிடையாது, யாராவது திரும்பப் போடவேண்டும். பெரிய தொட்டிகளில் பொதுவாகக் கால்சியம் ரியாக்டர் வைப்பார்கள்: செத்த பவளத்துண்டுகள் நிறைந்த உருளைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, லேசாக அமிலமான நீரில் பழைய எலும்பைக் கரைத்து, புது எலும்புக்கு உணவாக அனுப்புவது. சின்னத் தொட்டிக்காரர்களான நாங்கள் இன்னும் எளிமை: சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பூசணிக்காய் மிட்டாய்க்கு ஊறவைக்கும் அதே சுண்ணாம்புத் தெளிநீர்தான். இதற்கு உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் ஜெர்மன் பெயர் சொல்கிறார்கள், கால்க்வாசர் என்று. கேட்க ராக்கெட் எரிபொருள் மாதிரி இருக்கும்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஓர் இரவு மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டது, தெளிநீர் பம்ப் விடியவிடிய ஓடிவிட்டது. காலையில் தொட்டி மோர். எட்டு வருடம் வளர்த்த காலனி மூன்று நாளில் உரிந்து போனது. அகாடமித் தொட்டியின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்: இங்கே எத்தனை மிதவை சுவிட்ச் இருக்கும், எத்தனை பேர் தூங்காமல் இருப்பார்கள்?

இப்போது அந்த வீட்டுக் கதை. மாமாவுக்கு இந்தச் சுண்ணாம்பு விவகாரத்தை நான் விளக்கியபோது அவர் சிரித்துவிட்டார். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளக்கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள், வீடு கட்டவும், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும். தீவுகளுக்கு அலைத் தடுப்பாக இருந்த பார் கரைந்ததில், 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு நீருக்குள் போயின. கடினப் பவளங்கள் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மாமா சிறுவயதில் அந்தச் சூளைப் புகையைப் பார்த்தவர். "நாங்க கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குனோம். நீ காசு குடுத்துச் சுண்ணாம்பை வாங்கி, கரைச்சு, கல்லாக்குற. நல்லாத்தான் இருக்கு." பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடக் குழந்தைகள் ஏன் இந்தப் பெரியவர் இப்படிச் சிரிக்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பவளங்கள் எங்கிருந்து வந்தன, கடலைக் கொள்ளையடித்தா என்று அப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளைப்பவளம் முருங்கை மாதிரி. ஒரு போத்தை ஒடித்து நட்டால் தனிக் காலனியாகும். தொட்டிக்காரர்கள் பேச்சில் அந்தப் போத்துக்கு ஃபிராக் என்று பெயர். காட்சிசாலைகள் தங்களுக்குள் ஃபிராக்குகளைப் பரிமாறிக்கொள்கின்றன. சட்டவிரோதமாகக் கடத்தப்பட்டு விமான நிலையத்தில் பிடிபட்ட பவளங்களையும் அமெரிக்க அதிகாரிகள் இப்படிப்பட்ட இடங்களில் ஒப்படைப்பது உண்டு.

ஆனால் போத்து நட்டு வருவதெல்லாம் ஒரே மரபின் நகல். புது மரபு வேண்டுமானால் பவளம் இனம் பெருக்கவேண்டும். கடலில் பல இனங்கள் வருடத்தில் சில இரவுகளில் மட்டும், நிலவைக் கணக்கு வைத்து, ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. இதை நான்கு சுவருக்குள் வரவழைப்பது நெடுநாள் கனவு. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு 2013இல், கடலின் வெப்பம், பகல் நீளம், நிலவொளி எல்லாவற்றையும் கருவியால் போலி செய்து, எதிர்பார்த்த நேரத்தில் பவளத்தை முட்டையிட வைத்தது. 2019இல் டாம்பாவின் ஃபுளோரிடா அக்வேரியம் அழிவின் விளிம்பிலிருக்கும் தூண் பவளத்தில் அதைச் சாதித்தது. சான் பிரான்சிஸ்கோ அகாடமியும் பசிபிக் கடலிலுள்ள பலாவ் தீவின் பருவத்தைப் போலி செய்யும் ஆய்வகம் ஒன்றை அமைத்து 2020இல் வெற்றி கண்டது. சான் பிரான்சிஸ்கோவின் பனிமூட்டத்துக்குள் ஓர் அறையில் பலாவின் நிலா வளர்ந்து தேய்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

2023 கோடையில் ஃபுளோரிடாக் கடல் கொதித்தபோது, கடலில் நாற்றங்கால் வைத்திருந்தவர்கள் பவளங்களை அள்ளிக்கொண்டு கரையிலுள்ள தொட்டிகளுக்கு ஓடினார்கள். அதற்கு முன்பே, 2014இல் மயாமி அருகே தொடங்கிய திசு உதிரும் நோயிலிருந்து காப்பாற்ற எடுத்த பவளங்கள் அமெரிக்காவெங்கும் பல காட்சிசாலைகளில் வளர்கின்றன. பவளத்தைத் தொட்டியில் வைத்து உயிரோடு வளர்க்கத் தெரிந்தவர்கள் இல்லையென்றால் இதெல்லாம் நடந்திருக்காது. அதற்காகத் தொட்டியே கடல் ஆகிவிடாது. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நான்காவது உலகளாவிய வெளிறுதலின் பரப்புக்கு முன்னால் எட்டு லட்சம் லிட்டர் ஒரு கண்ணீர்த்துளி.

தொட்டி கடலின் நகலும் அல்ல. பிலிப்பைன்ஸ் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை: லூசோன், மிண்டோரோ தீவுகளுக்கு நடுவிலுள்ள வெர்டே தீவுக் கால்வாய், கரையோர மீனினங்களின் செறிவில் உலகின் மையம் என்று 2005இல் கார்பென்டர், ஸ்பிரிங்கர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அகாடமியின் டெரன்ஸ் கோஸ்லைனர் போன்றவர்கள் அங்கே ஓடில்லாக் கடல்நத்தைகளைத் தேடிப் பல பத்தாண்டுகளாக முக்குளிக்கிறார்கள். ஆனால் அந்தக் கடலில் இருப்பதையெல்லாம் இங்கே விட முடியாது. பவளத்தைக் கொறிக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவும், பாறையையே கடித்து மணலாகக் கழிக்கும் கிளிமீன்களும் இங்கே ஆபத்தானவர்கள். பாசி மேயும் ஓரா, சர்ஜன் மீன்கள், மணலைச் சலித்துச் சுத்தம் செய்யும் கடல் அட்டை மாதிரி வேலைக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. ஆகவே நீங்கள் பார்ப்பது வம்புக்காரர்கள் வெளியேற்றப்பட்ட ஊர். மாமா வேறொன்றையும் சொன்னார்: "பார்னு சொல்லுதான், வலை ஒண்ணைக்கூடக் காணோமே." பிலிப்பைன்ஸ் பார்களில் உண்மையில் வலையும் உண்டு, வெடியும் சயனைடும் போட்டு மீன்பிடித்த வரலாறும் உண்டு. சாளரத்துக்குப் பின்னால் மனிதன் என்றால் கண்ணாடி துடைக்கும் முக்குளிப்பவர் மட்டும்தான்.

அவர்களையும் தவறவிடாதீர்கள். குறிப்பிட்ட நேரங்களில் முக்குளிப்பவர் ஒருவர் முகமூடிக்குள் மைக்குடன் தொட்டிக்குள் இறங்கி, வெளியே நிற்பவர்களிடம் பேசுவார், கேள்வி கேட்கலாம். அங்கே முக்குளிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். அன்றைய நேரத்தை உள்ளே நுழைந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு முன் வேறொருவர் உட்புறத்தில் பாசி தேய்ப்பதைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். அவர் கையை எவ்வளவு மெதுவாக நகர்த்துகிறார் என்று பாருங்கள். சாளரம் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். தடித்த கண்ணாடி பச்சையடிக்கும் என்பதால் பெரிய தொட்டிகளில் அக்ரிலிக்தான் வைப்பார்கள். ஆனால் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், கீறல் விழும்.

படம் எடுப்பவர்களுக்கு: ஃபிளாஷ் வேண்டாம், மீனுக்கும் நல்லதல்ல, படத்தில் உங்கள் முகம்தான் வரும். லென்ஸை அக்ரிலிக்கில் ஒட்டினாற்போல நேராக வையுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் நிறம் பிரியும், உருவம் இழுபடும். கறுப்புச் சட்டை போட்டுப் போனால் பிரதிபலிப்பு குறையும். படம் நீலமாக வருவதைச் சரிசெய்ய முயலாதீர்கள். அது அப்படித்தான்.

எப்போது போவது? திறந்தவுடன். பள்ளிப் பேருந்துகள் வந்துவிட்டால் கீழ்த்தளம் சந்தைக்கடை. எல்லாரும் முதலில் மழைக்காட்டுக் கோளத்துக்கு ஓடுவார்கள், நீங்கள் தொட்டிக்குப் போங்கள், அரை மணி நேரம் ஏறக்குறைய உங்களுடையது. மழைக்காட்டைப் பிறகு பார்த்தால் போதும். அங்கிருந்து லிஃப்ட் நேராகக் கீழே மீன்காட்சியகத்தில் இறக்கிவிடும், இரண்டாம் தடவையும் தொட்டியைப் பார்த்துவிடலாம். அதற்குள் மீன்களுக்குச் சாப்பாடு போட்டிருந்தால் அது வேறு ஊராக இருக்கும். தரை மட்டத்தில், தொட்டியின் வாய்க்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத ஒரு காயல் தொட்டியில் சிறு சுறாக்களும் திருக்கைகளும் இருக்கின்றன. சுறா வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். வார நாளுக்கு முன்கூட்டி வாங்கினால் குறையும். சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: பவளத் தொட்டிக்கு மட்டும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்புவதானால் விலை அதிகம்தான். அரை நாள் ஒதுக்குங்கள். வியாழக்கிழமை இரவு நிகழ்ச்சி 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். இசை, கூட்டம், குடி. பெற்றோருக்குச் சரிவராது.

அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூலையாக இருந்தாலும். பூங்கா கடலை ஒட்டியது, மூடுபனி குளிர் காலையில் எலும்பில் ஏறும். மழைக்காட்டுக் கோளத்துக்குள் அதே ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வியர்ப்பீர்கள். கார் நிறுத்துவது பெரும்பாடு. 44ஆம் எண் பஸ் வாசலிலேயே நிற்கும். ஞாயிறு என்றால் 11 மணிக்குத்தான் கதவு திறக்கும், மற்ற நாள் 9.30.